மாதந்தோறும் இரத்தம் ஏற்றுவது: அரிவாள் செல் நோயில் எப்போது, எதற்காக?

இளவேனில்:

எங்கள் மகளுக்கு ஐந்து வயது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் எஸ் மரபணு (சிவப்பணுக்களை அரிவாள்போல வளையச் செய்யும் மரபணு) வந்து சேர்ந்த அரிவாள் செல் நோய் என்று கைக்குழந்தையாக இருந்தபோதே உறுதியாயிற்று. சென்ற ஆண்டு கை கால் வலியால் துடித்து மருத்துவமனையில் இருந்தபோது ஹீமோகுளோபின் 7.5 என்று பார்த்துப் பதறிப்போய், இரத்தம் ஏற்றச் சொல்லிக் கேட்டோம். அவளுக்கு எப்போதும் இருக்கும் அளவே அதுதான் என்றும், வலிக்காக மட்டும் இரத்தம் ஏற்றுவதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். இப்போது அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஓடி விளையாடுகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனால் தலையில் எடுத்த டாப்ளர் ஸ்கேனில் இரத்த ஓட்டத்தின் வேகம் 214 என்று வந்திருக்கிறது. மறுபடி எடுத்தபோதும் 200-க்கு மேலேதான். இனி மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டும், எப்போது நிறுத்தலாம் என்று இப்போது சொல்ல இயலாது என்கிறார்கள். துடித்தபோது வேண்டாம் என்றவர்கள், விளையாடும்போது வேண்டும் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஆதிரை (இரத்தவியல் மருத்துவர்):

இளவேனில் அவர்களே, இரண்டு முடிவுகளும் சரியானவை. முரண்போலத் தோன்றுவதற்குக் காரணம், இரத்தம் ஏற்றுவது என்றாலே ஹீமோகுளோபின் அளவை உயர்த்துவதற்குத்தான் என்று நாம் எல்லோரும் பழகிவிட்டிருப்பதுதான். அரிவாள் செல் நோயில் அந்த அளவு பெரும்பாலும் 6-க்கும் 9-க்கும் இடையில் நிற்கும். உடல் அதற்குப் பழகிக்கொண்டிருக்கும். எஸ் வகைச் சிவப்பணு பத்து முதல் இருபது நாட்களில் சிதைந்துவிடுகிறது, இயல்பான சிவப்பணுவோ ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது என்பதால் இந்தக் குறைவு நிரந்தரமானது. அதை நிரப்பிக்கொண்டே இருப்பது நோக்கமன்று. வலி நெருக்கடியில் குழந்தைக்கு வேண்டியது தக்க வலிநிவாரணியும் நீர்ச்சத்தும் கவனிப்பும். அப்போது இரத்தம் ஏற்றினால் வலி சீக்கிரம் தணியும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. அதனால் வரக்கூடிய தீங்குகளுக்கோ சான்று நிறைய உண்டு.

டாப்ளர் காட்டியிருப்பது வேறு ஒரு ஆபத்து. மூளையின் அடிப்பகுதியிலுள்ள பெரிய தமனிகள் உட்சுவர் தடித்துக் குறுகும்போது, அவற்றின் வழியே இரத்தம் பாயும் வேகம் கூடுகிறது. விநாடிக்கு 170 சென்டிமீட்டருக்குள் இருந்தால் கவலையில்லை. 170 முதல் 199 வரை அடிக்கடி பார்த்து வர வேண்டும். 200-ஐத் தொட்டு, மறுமுறையும் அப்படியே வந்தால், அந்தக் குழந்தைக்குப் பக்கவாதம் வரும் அபாயம் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது. உங்கள் மகள் ஓடி விளையாடுவது இந்த அபாயத்தைக் குறைத்துக் காட்டவில்லை.

இதற்கு இரத்தம் ஏற்றுவது பயன்படும் என்பதை நிறுவியது, 1998-இல் வெளியான ‘ஸ்டாப்’ என்ற ஆய்வு. டாப்ளரில் வேகம் 200-க்கு மேல் வந்த 130 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் தொடர்ந்து இரத்தம் ஏற்றினார்கள். ஏற்றாத பிரிவில் 11 குழந்தைகளுக்குப் பக்கவாதம் வந்தது. ஏற்றிய பிரிவில் ஒரே ஒரு குழந்தைக்கு. வேறுபாடு அவ்வளவு வெளிப்படையாக இருந்ததால், மற்றப் பிரிவினரையும் காக்க வைக்கக் கூடாது என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். குழந்தை மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான விடை கிடைப்பது அரிது.

ஆகவே இங்கே பார்க்க வேண்டிய எண் வேறு. இரத்தத்தில் எஸ் ஹீமோகுளோபின் எத்தனை விழுக்காடு என்பதே முதன்மையான அளவு. ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் அதை அளந்து, 30 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்க முயல்வோம். கொடையாளரின் சிவப்பணுக்கள் கலப்பதால் எஸ் விகிதம் குறைகிறது. கூடவே, சோகை குறைந்ததை உணர்ந்த எலும்பு மஜ்ஜை தன் சொந்த எஸ் அணுக்களை உற்பத்தி செய்யும் வேகத்தையும் தளர்த்திக்கொள்கிறது. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை என்று கணக்கு வைப்பது இதனால்தான்.

கார்முகில்:

> எப்போது நிறுத்தலாம் என்று இப்போது சொல்ல இயலாது என்கிறார்கள்.

இதுதான் எனக்கும் உறுத்துகிறது. என் தம்பிக்கும் இதே நோய். அவன் ஹைட்ராக்சியூரியா மாத்திரையில் பல ஆண்டுகளாக நன்றாக இருக்கிறான். வீட்டிலேயே விழுங்கக்கூடிய மாத்திரை இருக்கும்போது ஏன் ஒரு குழந்தையின் கையில் மாதந்தோறும் ஊசி ஏற்ற வேண்டும்? டாப்ளர் வேகம் இறங்கியவுடன் இரத்தத்தை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாற்றிவிட்டால் ஆகாதா? இரும்புச்சத்து கல்லீரலில் சேர்ந்து கெடுக்கும் என்பதையும் பெற்றோரிடம் முதலிலேயே சொல்ல வேண்டாமா?

ஆதிரை:

கார்முகில் அவர்களின் கேள்வி நியாயமானது. இதையே ஆய்வாளர்களும் கேட்டார்கள். வேகம் இறங்கியவுடன் வெறுமனே நிறுத்திப் பார்த்த ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. நிறுத்தப்பட்ட 41 குழந்தைகளில் 14 பேருக்கு வேகம் மறுபடி ஏறியது, இருவருக்குப் பக்கவாதமே வந்துவிட்டது; தொடர்ந்து ஏற்றிக்கொண்ட 38 பேரில் ஒருவருக்கும் இவற்றில் எதுவும் நேரவில்லை. எனவே, ஸ்கேன் நன்றாக வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் நிறுத்திவிடுவது மிக ஆபத்தானது என்பதை இந்த இழையைப் படிக்கும் ஒவ்வொரு பெற்றோரிடமும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மாத்திரைக்கு மாற்றுவது வேறு. 2016-இல் வெளியான ‘ட்விட்ச்’ ஆய்வில், குறைந்தது ஓராண்டு இரத்தம் ஏற்றிக்கொண்ட, மூளைத் தமனிகளில் கடுமையான சுருக்கம் இல்லாத 121 குழந்தைகளைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஹைட்ராக்சியூரியாவைத் தொடங்கி, தாங்கக்கூடிய உச்ச அளவுக்குக் கொண்டுபோகும் வரை இரத்தத்தையும் சேர்த்தே கொடுத்து, பிறகு மெல்லக் குறைத்தார்கள். டாப்ளர் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பதில் மாத்திரை இரத்தத்துக்குக் குறைந்ததாக இல்லை. ஆகவே உங்கள் மகளுக்கு ஓராண்டுக்குப் பின், எம்ஆர்ஐ படத்தில் தமனிகள் நன்றாக இருந்தால், இந்த வழி திறக்கக்கூடும். இதை உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பக்கவாதம் வந்துவிட்ட குழந்தைகளுக்கு இந்த முடிவு பொருந்தாது. அவர்களிடம் இதே மாற்றத்தை முயன்ற ஆய்வை 2010-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மாத்திரைக்கு மாறியவர்களில் ஏழு பேருக்கு மறுபடி பக்கவாதம் வந்தது, இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. இரத்தம் முறையாகக் கிடைக்காத இடங்களில் தொடக்கத்திலிருந்தே மாத்திரை கொடுப்பதுண்டு. ஒன்றும் கொடுக்காமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். இரும்பைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

செங்காந்தள் (இரத்த வங்கித் தொழில்நுட்பர்):

முதல் முறை இரத்தம் ஏற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று இருப்பதால் குறுக்கிடுகிறேன். இன்னும் தொடங்கவில்லை என்றால், குழந்தையின் சிவப்பணுக்களின் முழு ஆன்டிஜென் (அணுவின் மேற்பரப்பிலுள்ள அடையாளப் பொருள்) வகைப்பாட்டை இப்போதே செய்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏ, பி, ஓ பிரிவும் ஆர்எச் பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் மட்டும் போதாது. ஆர்எச் குடும்பத்திலேயே பெரிய சி, சிறிய சி, பெரிய ஈ, சிறிய ஈ என்று வேறு ஆன்டிஜென்கள் இருக்கின்றன. அவற்றோடு கெல் என்ற இன்னொன்று. அரிவாள் செல் நோயாளிகளுக்கு இவையும் பொருந்துகிற இரத்தத்தையே கொடுக்க வேண்டும். ஒருமுறை ஏற்றிவிட்டால் கொடையாளரின் அணுக்கள் மூன்று மாதம் வரை உடலில் கலந்திருக்கும். அப்போது சாதாரண முறையில் சோதித்தால் யாருடைய அணுவைப் பார்க்கிறோம் என்றே தெரியாது. பிறகு மரபணுச் சோதனைதான் வழி. அது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

இவ்வளவு அக்கறை ஏன் என்றால், தனக்கில்லாத ஆன்டிஜென்னைக் கண்ட உடல் அதற்கெதிராக ஆன்டிபாடி உண்டாக்கிக்கொள்ளும். கொடையாளர்களும் நோயாளிகளும் வேறு வேறு மரபுப் பின்னணியினராக இருக்கும்போது இது மிகுதி. 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரத்தம் பெற்ற கறுப்பின அரிவாள் செல் நோயாளிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு இத்தகைய ஆன்டிபாடிகள் இருந்தன. வேறு காரணச் சோகைக்காக இரத்தம் பெற்றவர்களிடம் 5 விழுக்காடுதான். அவற்றில் பெரும்பாலானவை நான் மேலே சொன்ன ஆர்எச் வகைகளுக்கும் கெல்லுக்கும் எதிரானவை. முன்கூட்டிப் பொருத்திக் கொடுத்தால் கணிசமான பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

வெள்ளையணு நீக்கிய பையாகவும், எஸ் பண்பு (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த எஸ் மரபணு) இல்லாத கொடையாளரின் பையாகவும் இருக்க வேண்டும் என்பதும் வழக்கம். எஸ் பண்பு உடையவர் நலமாகவே இருப்பார், அவருடைய இரத்தம் பிறருக்கு உதவும். ஆனால் உங்கள் குழந்தைக்கு அதைக் கொடுத்தால் எஸ் விகிதத்தைக் குறைக்கும் நோக்கமே கெட்டுவிடும்.

நெடுவழி:

செங்காந்தள் சொன்ன ஆன்டிபாடி எனக்கு வந்தது. இந்நோயோடு பிறந்து முப்பது வயதைக் கடந்தவன் என்ற முறையில், அது எப்படித் தோன்றும் என்பதை எழுதி வைக்கிறேன். அதைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண்பவர்கள் மிகக் குறைவு.

பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை. அதற்கு முன் இரத்தம் ஏற்றினார்கள்; எல்லாம் நன்றாக முடிந்து வீடு திரும்பினேன். இரண்டாவது வாரத்தில் முதுகிலும் தொடையிலும் வலி தொடங்கியது. வழக்கமான நெருக்கடி என்றே நினைத்து மாத்திரை போட்டுப் படுத்தேன். மறுநாள் காய்ச்சல்; அதற்கடுத்த காலையில் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போயிற்று. கண் வெள்ளை முழுக்க மஞ்சள். அவசரப் பிரிவில் பார்த்தபோது என் ஹீமோகுளோபின், இரத்தம் ஏற்றுவதற்கு முன்பு இருந்ததைவிடவும் கீழே போயிருந்தது. பணியிலிருந்த இளம் மருத்துவர் உடனே இன்னும் இரண்டு பை ஏற்றலாம் என்றார். இரத்தவியல் பிரிவிலிருந்து வந்தவர்தான், கடைசியாக எப்போது இரத்தம் ஏற்றினீர்கள் என்று முதல் கேள்வியாகக் கேட்டு, ஏற்றுவதை நிறுத்திவைத்தார்.

என் உடலில் இருந்த பழைய ஆன்டிபாடி விழித்துக்கொண்டு, ஏற்றிய இரத்தத்தைச் சிதைத்திருக்கிறது. சிறு வயதில் வேறொரு மருத்துவமனையில் அதைக் கண்டுபிடித்துக் கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்த இடத்துக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவேயில்லை. என் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதிய அட்டை என் சட்டைப் பையில் இருந்திருந்தால் போதும்.

செங்காந்தள்:

நெடுவழி எழுதியதை ஒவ்வொரு அவசரப் பிரிவிலும் ஒட்டி வைக்க வேண்டும். ஆன்டிபாடி சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ சோதனைக்குத் தென்படாத அளவுக்கு மங்கிவிடும்; அப்போது கிராஸ் மேட்ச் (கொடையாளரின் அணுக்களை நோயாளியின் இரத்த மாதிரியோடு கலந்து பார்க்கும் சோதனை) செய்தால் பொருந்துகிறது என்றே விடை வரும், நாங்களும் நல்ல மனத்தோடு பையைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். ஆன்டிஜென்னை மீண்டும் கண்ட உடல் சில நாட்களில் அதைப் பெருக்கிக்கொள்ளும். எனவே எந்த ஊருக்குப் போனாலும், எத்தனை ஆண்டு கழித்தானாலும், பழைய ஆன்டிபாடியின் பெயர் நோயாளியோடு போக வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இப்போது அட்டை அச்சிட்டுக் கொடுக்கிறோம். கொடுக்காத இடங்களில் வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஆதிரை:

மருத்துவப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். இரத்தம் ஏற்றிய நான்கு வாரங்களுக்குள் வலி, காய்ச்சல், கருஞ்சிறுநீர், மஞ்சள்காமாலை, எதிர்பாராத ஹீமோகுளோபின் வீழ்ச்சி ஆகியவற்றில் எது வந்தாலும், இந்தத் தாமதச் சிதைவை முதலில் நினைக்க வேண்டும். சிலரிடம் நோயாளியின் சொந்த அணுக்களும் சேர்ந்தே சிதைவதால், மேலும் ஏற்றினால் மேலும் இறங்கும். உயிருக்கு ஆபத்து வந்தாலொழிய ஏற்றாமல் இருப்பதே நல்லது. இம்யூனோகுளோபுலின், ஸ்டீராய்டு போன்றவற்றால் எதிர்வினையை அடக்க முயல்வோம்.

ஆனால் இதைப் படித்து, அறுவை சிகிச்சைக்கு முன் இரத்தமே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. 2013-இல் வெளியான ஆய்வில், நடுத்தர அளவு அறுவை சிகிச்சைகளுக்கு முன் இரத்தம் ஏற்றாதவர்களில் 39 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் வந்தன. ஏற்றியவர்களில் 15 விழுக்காட்டினருக்கு. கடுமையான சிக்கல்களில் பெரும்பாலானவை நுரையீரலைத் தாக்கும் மார்பு நெருக்கடிதான்.

இளவேனில்:

எல்லோருக்கும் நன்றி. ஆன்டிஜென் வகைப்பாடு செய்யப்படவில்லை என்று இன்று தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் ஏற்றலுக்கு முன் எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். இன்னும் இரண்டு ஐயங்கள். பையைத் தொங்கவிட்டு ஏற்றுவதா, இயந்திரத்தின் மூலம் மாற்றுவதா என்று கேட்டார்கள், வேறுபாடு புரியவில்லை. இரும்பைப் பற்றியும் சொல்வதாகக் கூறியிருந்தீர்கள்.

நெடுவழி:

இயந்திரத்தில் நான் இப்போது செய்துகொள்கிறேன். ஒரு கையிலிருந்து இரத்தம் வெளியே போகும். இயந்திரம் அதைச் சுழற்றிச் சிவப்பணுக்களை மட்டும் பிரித்து நீக்கிவிட்டு, என் பிளாஸ்மாவோடு கொடையாளரின் அணுக்களைச் சேர்த்து மறு கையில் செலுத்தும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடக்குறைய ஆகும். முழங்கையை மடக்க முடியாது என்பதால் மூக்கு அரித்தால்கூட இன்னொருவரைத்தான் கூப்பிட வேண்டும். பாதியில் உதட்டோரம் மரத்துச் சிறு ஊசிகள் குத்துவதுபோல் இருக்கும். இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அப்படி ஆகிறது என்பார்கள். செவிலியரிடம் சொன்னால் வேகத்தைக் குறைத்துக் கால்சியம் கொடுப்பார், அடங்கிவிடும். சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆதிரை:

சாதாரணமாக ஏற்றுவது எளிது. நல்ல நரம்பு ஒன்று போதும், பைகளும் குறைவாகச் செலவாகும். ஆனால் நீக்காமல் சேர்ப்பதால் ஓர் எல்லை இருக்கிறது. எஸ் விகிதம் உயர்ந்திருக்கும்போது ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டினால் இரத்தம் குழைந்து தடித்து, எந்தப் பக்கவாதத்தைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே வரவழைக்கும். கண்டிப்பாகக் கவனிக்க வேண்டிய எண் இது. இயந்திரமுறையில் நீக்கிவிட்டுச் சேர்ப்பதால் அளவு ஏறாமலேயே எஸ் விகிதம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும்; எனவே பக்கவாதமோ கடுமையான மார்பு நெருக்கடியோ வந்துவிட்டவர்களுக்கு அதுவே சிறந்தது. இரும்பும் மிகக் குறைவாகவே சேரும். மறுபுறம், அதிகப் பைகள் வேண்டும், அதிகக் கொடையாளர்களைச் சந்திக்க வேண்டும், இரு தடித்த நரம்புகள் வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையின் கையில் அவை கிடைப்பதே பாடு. பெரும்பாலும் சாதாரண முறையில் தொடங்கி, வளர்ந்தபின் மாறுவதைத்தான் நான் விரும்புவேன்.

இரும்பு. ஒரு பையில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் ஒரு நாளைக்கு வெளியேற்றக்கூடியது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். மிஞ்சியது முதலில் கல்லீரலில் படியும். ஏறத்தாழ ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஏற்றலுக்குப் பின் அதை நீக்கும் மருந்து தேவைப்படும். டெஃபராசிராக்ஸ் நாளுக்கொரு முறை வாய்வழி கொடுப்பது. மாதந்தோறும் சிறுநீரக, கல்லீரல் சோதனைகள் தவறாமல் பார்க்க வேண்டும். டெஃபெரிப்ரோன் வெள்ளையணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் அடிக்கடி இரத்த எண்ணிக்கை வேண்டும். பழைய டெஃபெராக்சமைன் இரவெல்லாம் தோலுக்கடியில் பம்பு வழியாகச் செலுத்துவது. பயன் நிச்சயம், ஆனால் வாரத்தில் ஐந்தாறு இரவு ஊசியோடு தூங்கப் பிள்ளைகள் எவ்வளவு நாள் ஒத்துக்கொள்வார்கள் என்பது பெற்றோருக்கே தெரியும். உடலின் இரும்பு இருப்பை இரத்தத்தில் பார்க்கும் ஃபெரிட்டின் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்; நெருக்கடியும் காய்ச்சலும் அதை உயர்த்திக் காட்டும். கல்லீரலின் இரும்பை எம்ஆர்ஐ வழியாக ஆண்டுக்கொரு முறை அளப்பதே உண்மை நிலையைச் சொல்லும். கார்முகில் அஞ்சும் கேடு உண்மைதான், ஆனால் அது மெதுவாக வருவது, அளந்து அறியக்கூடியது, மருந்துக்குக் கட்டுப்படுவது. பக்கவாதத்தில் போன மூளைத் திசு திரும்பி வராது.

கார்முகில்:

ஏற்றுக்கொள்கிறேன். ஓராண்டு இரத்தம், அதற்குப் பின் படம் பார்த்து மாத்திரை என்ற வரிசை எனக்கு இப்போதுதான் தெளிவாயிற்று. ஒரு கேள்வி மட்டும்: இடையில் திடீரென்று வெளுத்துப்போனால், மாதத் தேதி வரும்வரை காத்திருக்கலாமா?

ஆதிரை:

காத்திருக்கக் கூடாது. சிறு குழந்தைகளில் மண்ணீரல் சில மணி நேரத்தில் இரத்தத்தைத் தேக்கிக்கொண்டு வீங்கிவிடும். இடது விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்க்கப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பது அதற்காகவே. அப்போது இரத்தம் ஏற்றியே ஆக வேண்டும், ஆனால் சிறுகச் சிறுக. மண்ணீரல் தேக்கியதைத் திருப்பி விடும்போது ஹீமோகுளோபின் எதிர்பாராமல் எகிறிவிடும். பார்வோ வைரஸ் தொற்றில் மஜ்ஜை சில நாட்கள் உற்பத்தியை நிறுத்திவிடுவது இன்னொரு காரணம். அதற்கும் இரத்தம் வேண்டும். காய்ச்சல் 38.5 டிகிரியை எட்டினாலோ, ஏற்றல் தேதி எதுவாயினும் சரி, அன்றே மருத்துவமனை.

இளவேனில்:

முதல் ஏற்றல் அடுத்த வாரம். தேதி ஓரிரு நாள் தள்ளிப்போனால் ஏதும் ஆகுமா? அன்று காலையிலேயே எல்லாச் சோதனையும் எடுத்துவிட்டு ஏற்றுவார்களா?

செங்காந்தள்:

ஓரிரு நாளால் கேடில்லை. வாரக்கணக்கில் விட்டால்தான் எஸ் விகிதம் 30-ஐத் தாண்டிவிடும். மாதிரியை முந்திய நாளே கொடுத்துவிடுங்கள். கூடுதல் ஆன்டிஜென்கள் பொருந்தும் பையைத் தேடி எடுக்க நேரமாகும். காலையில் கொடுத்தால் குழந்தை மாலை வரை உட்கார்ந்திருக்க நேரிடும். கடந்த மூன்று மாதங்களுக்குள் இரத்தம் பெற்றவரின் மாதிரி மூன்று நாட்களுக்குமேல் செல்லாது என்பதால், தேதி அதற்கும் அப்பால் தள்ளிப்போனால் மறுபடி ஊசி குத்தி எடுக்க வேண்டியிருக்கும். மாதிரிக் குழாயில் பெயரும் பதிவு எண்ணும் படுக்கையருகே வைத்தே எழுதப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வகைப்பாட்டு முடிவு வந்ததும் அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, குழந்தையின் கோப்பில் முதல் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.